மறைப்பதா, காப்பதா?

சென்ற ரமலானில் எங்கள் வட்டாரத்துப் பள்ளிவாசலில், தராவீஹ் தொழுகைக்குப் பின் ஒரு சொற்பொழிவாளர் பேசினார். பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பவன் சுவனத்தின் நறுமணத்தைக்கூட நுகரமாட்டான் என்று அவர் முழங்கினார். கூட்டம் உருகிற்று; பலர் துண்டால் கண்களை ஒற்றிக்கொண்டனர். நானும் அங்கு அமர்ந்திருந்தேன். எனக்குக் கண்ணீர் வரவில்லை, கோபமே வந்தது.

ஏனெனில் அதே வேளையில், பள்ளிவாசலுக்கு இரண்டு தெரு தள்ளி, என் மாமா மகள் தன் தந்தையின் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் ஒரு துப்பட்டித் துணியால் பிணைத்துக்கொண்டு படுத்திருந்தாள். இரவில் அவர் எழுந்தால் தானும் விழித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக! நான்கு ஆண்டுகளாக அவளுக்கு முழு இரவு உறக்கம் என்பதே இல்லை. அந்தச் சொற்பொழிவு ஒலிபெருக்கி வழியே அவள் வீட்டிற்குள்ளும் சென்று விழுந்தது. அவளுக்கு உதவ யாரும் வரவில்லை. சாபம் மட்டும் வந்து சேர்ந்தது.

அந்த மாமாதான் எனக்கு அலிஃப், பே கற்றுத் தந்தவர். ஓதுபள்ளியில் 38 ஆண்டுகள் ஓதிக்கொடுத்தவர். இன்று லுஹர் தொழுதாரா இல்லையா என்பது அவருக்கு நினைவில் நிற்பதில்லை. ஆகவே மீண்டும் ஒளூச் செய்கிறார்; மீண்டும் தொழுகிறார். அஸர் கடந்து பொழுது சாயும்போது, தம் வீட்டிலேயே இருந்துகொண்டு, “வீட்டுக்குப் போகவேண்டும்” என்று வாசலைப் பிடித்துக்கொண்டு மன்றாடுகிறார். மகளை யாரென்று கேட்கிறார். ஆனால் எவரேனும் யாஸீன் ஓதத் தொடங்கினால், பிழையின்றித் தொடர்ந்து முடிக்கிறார்.

மருத்துவர்கள் இதனை டிமென்ஷியா என்கின்றனர். நாம் மறதிநோய் எனலாம். இதன் பல வகைகளுள் மிகுதியாகக் காணப்படும் அல்ஸைமர் நோயை 1906-ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்ஸைமர் எடுத்துரைத்தார். இந்தியாவில் 60 வயது கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோய்க்கு ஆட்பட்டிருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. ஆடவரைவிடப் பெண்டிரிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் இது மிகுதி என்றும் அவ்வாய்வு கண்டது. ஆக, இது யாரோ சில குடும்பங்களின் இரகசியமன்று. நம் தெருக்களில் அடைத்திருக்கும் கதவுகள் பலவற்றின் பின்னே இருப்பது இதுவே.

கதவை ஏன் அடைக்கிறோம்? வெட்கம்! “வாப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் பேசுமே, பேத்திக்கு மாப்பிள்ளை வருவானா?” என்ற வெட்கம். இந்த வெட்கத்தைத்தான் நாம் மார்க்கம் என்று பெயரிட்டு அழைக்கிறோம். அப்பெயர் அதற்குப் பொருந்தாது என்பதே என் வாதம்.

நம் முன்னோர்களான ஹதீஸ் கலை அறிஞர்கள் இவ்விஷயத்தில் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதைப் பாருங்கள். முதுமையில் நினைவு குழம்பிய அறிவிப்பாளர்களை அவர்கள் மூடி மறைக்கவில்லை. ‘இக்திலாத்’ என்று அந்நிலைக்கு ஒரு கலைச்சொல்லே வகுத்தனர். இன்னார்க்கு இன்ன காலத்தில் நினைவு குழம்பிற்று. அதற்கு முன் அவரிடம் கேட்டவை ஏற்கப்படும், பின் கேட்டவை ஏற்கப்படா என்று பெயர் சொல்லிப் பதிந்தனர். ஹிஜ்ரி 761-இல் மறைந்த இமாம் அலாயீ இத்தகையோரைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். அவ்வாறு பதியப்பட்டதனால் அப்பெரியோர்களின் மதிப்பு ஓர் இம்மியும் குறையவில்லை. மறதி அவர்களுக்கு இழுக்கென்று எவரும் எண்ணவில்லை.

அவர்களுள் பஸ்ரா நகரத்து ஜரீர் இப்னு ஹாஸிம் (ரஹ்) என்பவரின் வரலாறு உள்ளத்தைத் தொடுவது. ஹிஜ்ரி 170-இல் மறைந்தவர். முதுமையில் அவருக்கு நினைவு குழம்பியபோது, ஹதீஸ் கலை பயின்றிருந்த அவருடைய மக்கள் அதனைக் கண்டுகொண்டு, அந்நிலையில் எவரும் தம் தந்தையிடம் ஹதீஸ் கேட்டுவிடாதபடி அவரை மக்களிடமிருந்து விலக்கி வைத்தனர். அதனால் அவர் வாழ்நாள் முழுதும் தேடிய நற்பெயர் கடைசி வரை கெடாமல் நின்றது.

ஆகா, அவர்களும் மறைக்கத்தானே செய்தார்கள் என்று அவசரப்படாதீர்கள். அப்பிள்ளைகள் நோயை மறைக்கவில்லை. மறைத்திருந்தால் அச்செய்தி நம்மிடம் வந்தே இராது. அவர்கள் தந்தையைக் காத்தார்கள். நாமோ நம் மானத்தை மறைக்கத் தந்தையை அறையில் வைக்கிறோம். மறைப்பதும் காப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல் தோன்றும். உள்ளே கிழக்கும் மேற்குமாகும். யாருக்காகக் கதவு சாத்தப்படுகிறது என்ற ஒரு கேள்வியே இரண்டையும் பிரித்துக் காட்டும்.

இனி, சொற்பொழிவாளரின் ஆதாரத்திற்கு வருவோம். பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23-ஆம் வசனத்தை அவர் ஓதினார். முதுமையடைந்த பெற்றோரிடம் ‘உஃப்’ என்ற சொல்லையும் உதிர்க்கலாகாது என்று விலக்கும் திருவசனம் அது. அதில் வரும் ‘இந்தக’ என்னும் சொல்லுக்கு ‘உன்னிடத்தில்’ என்பது பொருள். ஆகவே மகனுடைய வீட்டில்தான் இருக்கவேண்டும் என்றார். விரிவுரையாளர்கள் அச்சொல்லுக்கு வீடு என்று பொருள் கொண்டது உண்மையே, நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டோடு பொறுப்பையும் பராமரிப்பையும் சேர்த்தே கொண்டனர். அப்படியாயின் ஒன்று கேட்கிறேன். மாமாவின் மூத்த மகன் 22 ஆண்டுகளாகத் துபாயில் இருக்கிறார், இளையவர் சிங்கப்பூரில். தந்தை ஊரில், சகோதரியின் கையில். இவ்விருவருக்கும் ‘இந்தக’ என்பது எங்கே நிறைவேறுகிறது? சொந்த வீட்டுக் கூரையின் கீழ் தந்தை கிடக்கிறார் என்பதாலேயே, அவரைத் தொட்டுக் குளிப்பாட்டாத பிள்ளைக்குச் சுவனத்தின் நறுமணம் கிடைத்துவிடுமா?

துபாயிலிருப்பவர் என்னிடம் தொலைபேசியில் சொன்னார்: “மச்சான், வாப்பாவை அங்கே கொண்டுபோய் விட்டால் ஊரில் எப்படி முகம் காட்டுவது? ராத்தா இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.” பொறுத்துக்கொள்ள வேண்டியவள் அவள், முகம் காட்ட வேண்டியவர் இவர்! முதுகுத்தண்டு விலகி மருத்துவர் படுக்கச் சொன்ன பெண்ணுக்கு, ஆறடி மனிதரைத் தூக்கி அமர்த்தும் வேலையை விதித்துவிட்டு, அதற்குப் பெற்றோர் பணிவிடை என்று பெயர் சூட்டுகிறோம். வசதியற்ற பெற்றோரைப் பேணும் செலவு பிள்ளைகள் மீது கடமை என்று நம் பிக்ஹு நூல்கள் கூறுகின்றன. அக்கடமையை ஒரே ஒரு மகளின், அல்லது அக்கடமையே இல்லாத மருமகளின் முதுகில் ஏற்றிவைக்க எந்த மத்ஹபு அனுமதித்தது?

‘அர்தலுல் உமுர்’ என்று திருமறை நஹ்லு, ஹஜ்ஜு ஆகிய இரு அத்தியாயங்களிலும் குறிப்பிடுகிறது. அறிந்தவற்றையும் அறியாமற்போகும் கடைப்பட்ட முதுமை அது. அந்நிலையிலிருந்து பெருமானார் (ஸல்) அவர்களே பாதுகாப்புத் தேடினார்கள். அவர்களே அஞ்சிப் பிரார்த்தித்த ஒரு நிலையை, உறக்கமற்ற ஒரு பெண்ணின் பொறுமையால் சமாளித்துவிடலாம் என்று நாம் கருதுவது பேதைமையன்றோ?

ஆகவே மாமாவுக்கு ஓர் இல்லம் தேடப் புறப்பட்டேன். அதற்கு முன்னர் செய்யவேண்டியது ஒன்றுண்டு. மறதியெல்லாம் மறதிநோய் அல்ல. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, விழுந்து அடிபட்டபின் மண்டையோட்டின் உட்புறம் கட்டிய இரத்தம், சிறுநீர்த் தொற்று, சில மருந்துகள் — இவையும் முதியவரின் அறிவைக் கலக்கிவிடும். இவற்றுள் பல சிகிச்சையால் தெளிபவை. இரத்தப் பரிசோதனையும் மூளைப் படமும் எடுக்காமல் ஒரு மனிதரை இல்லத்தில் சேர்ப்பது அநீதி. வீட்டில் அடைப்பதும் அதே அநீதிதான். மாமாவுக்கு இவையனைத்தும் பார்த்தாயிற்று, மறதிநோயென்றே உறுதியாயிற்று.

மூன்று இல்லங்களைப் பார்த்தேன், பெயர்களைச் சொல்லப்போவதில்லை. முதலாவது பளிங்குத் தரையும் மீன் தொட்டியும் கொண்டது. காலையில் சென்றபோது மேலாளர் தேநீர் தந்து, அச்சிட்ட தாளில் அட்டவணை காட்டினார். மறுநாள் சொல்லாமல் அஸருக்குப் பின் சென்றேன். மறதிநோயுற்றோர்க்குப் பொழுது சாயும் நேரமே பதற்றம் மிகும் நேரம். ஓர் இல்லத்தின் உண்மை முகத்தை அப்போதுதான் காணவியலும். மூன்று பெரியவர்கள் நாற்காலியோடு துணியால் கட்டப்பட்டிருந்தனர். கேட்டதற்கு, “விழுந்துவிடுவார்கள் ஐயா, ஆள் போதாது” என்றார் பணியாளர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயின் இலக்கணத்தில் நினைவாற்றல் சிதைவையும் சேர்த்திருக்கிறது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி ஒருவரைக் கட்டிவைக்கலாகாது என்று அச்சட்டமே கூறுகிறது. அந்தப் பணியாளர் தம்மையறியாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

என் மாமா மகளும் கட்டத்தானே செய்தாள் என்று கேட்பீர்கள். அவள் கட்டியது தன்னையும் சேர்த்து.

இரண்டாவது இல்லம் நம்மவர் நடத்துவது. வாசலில் பிஸ்மில்லாஹ், உள்ளே தொழுகைக் கூடம், ஹலாலான உணவு. என் உள்ளம் குளிர்ந்தது. பின்பு ஒரு கேள்வி கேட்டேன்: இரவில் எத்தனை பேர் விழித்திருப்பர்? பதினெட்டு முதியோர்க்கு ஒருவர். அவரும் உறங்குபவர் என்று தெரியவந்தது. பெரியவர்கள் பகலிலும் தலை தொங்கச் சாய்ந்திருந்ததைக் கண்டு மருந்துப் பட்டியலைக் கேட்டேன். ஏறத்தாழ அனைவர்க்கும் மனச்சிதைவு நோய்க்குரிய மருந்தே கொடுக்கப்பட்டு வந்தது. இவ்வகைப் புதிய மருந்துகள் மறதிநோயுற்ற முதியோரின் மரண அபாயத்தை மிகுவிக்கின்றன என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005-ஆம் ஆண்டே எச்சரித்தது. மூன்றாண்டு கழித்துப் பழைய வகைகளுக்கும் அவ்வெச்சரிக்கையை விரித்தது. சில வேளைகளில் மருத்துவர் ஆய்ந்து, குறைந்த அளவில், குறைந்த காலத்திற்குக் கொடுப்பதுண்டு; அது வேறு. இரவுக் காவலுக்கு ஆள் வைப்பதற்குப் பதிலாக மாத்திரை வைப்பது வேறு. பிஸ்மில்லாஹ் எழுதிய வாசலாயினும் அநீதி அநீதியே.

மூன்றாவது, ஒரு பழைய ஓட்டு வீடு. பதினொரு பேர். சுவரில் காரை பெயர்ந்திருந்தது. அங்கிருந்த மூத்த செவிலியர் ஒரு கிறிஸ்தவப் பெண்மணி. நான் கேள்விகளை எடுப்பதற்கு முன் அவர் என்னைக் கேட்கத் தொடங்கினார். “ஐயா என்ன வேலை பார்த்தார்? அவரை எப்படி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார்? எதற்குக் கோபம் வரும்? கழிவறை சென்றால் தண்ணீர் ஊற்றித் தூய்மை செய்வதுதானே உங்கள் வழக்கம்? எத்தனை முறை தொழுவார். எந்தப் பக்கம் பார்த்து?” இவ்வளவும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். எந்தப் பக்கம் என்று கேட்டாரே, அப்போதுதான் எனக்குக் கண்ணீர் வந்தது.

ஓர் இல்லத்தை எடைபோடும் கோல் இதுவே என்று கருதுகிறேன்: உள்ளே வருபவர் யார் என்று அவர்கள் கேட்கிறார்களா? மற்றக் கேள்விகளெல்லாம் இதிலிருந்தே கிளைக்கும். ஒருவர்க்கு ஊட்ட எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறீர்கள்? உம்மாவைக் குளிப்பாட்டுவது பெண்ணே என்பது உறுதிதானா? படுக்கையில் விழுந்தபின்னும் வைத்திருப்பீர்களா, அப்போது அழைத்துச் செல்லுங்கள் என்பீர்களா? நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் எந்த மருத்துவமனை? அரசுப் பதிவுச் சான்று எங்கே? முன்பணம் திரும்புமா, எதற்கெல்லாம் தனிக் கட்டணம்? சொல்லாமல் வரலாமா? கடைசிக் கேள்விக்குத் தயங்குகிற இல்லத்தில் நிற்காதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள். மகளுக்குச் சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டை நான்கு ஊரில் விசாரிக்கிறோம். வாய்விட்டு முறையிடவும் இயலாத தந்தைக்கு அதில் பாதியாவது விசாரிக்க வேண்டாமா?

இவ்விடத்தில் எதிர்த்திசையிலிருப்போர்க்கும் ஒரு சொல். “மாதம் 35,000 கட்டுகிறோம், கடமை முடிந்தது” என்போர் நம்மிடையே பெருகிவருகின்றனர். அவர்கள் மகிழ்ந்துவிட வேண்டாம். மூத்த குடிமக்களைத் திரும்பப் பாராத நோக்கத்துடன் எங்கேனும் விட்டுச் செல்லும் பொறுப்பாளர்க்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ என்று 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் விதிக்கிறது. அச்சட்டம் பார்ப்பது இடத்தையன்று, நோக்கத்தை. மார்க்கமும் நிய்யத்தைத்தானே முதலில் பார்க்கிறது? இல்லத்தில் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராதவன் கைவிட்டவன். சொந்த வீட்டின் பின்னறையில் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராதவனும் கைவிட்டவனே. வாரந்தோறும் சென்று நகம் வெட்டி, தாடி சீவி, தன் கையால் ஊட்டி வருகிறவன் எங்கிருந்தாலும் கைவிடாதவன்.

ஜமாஅத் பெரியோர்களே! குறை உங்களிடமும் உண்டு. எங்கள் ஊரில் ஐந்தாண்டுகளுக்குள் இரண்டு திருமண மண்டபங்கள் எழுந்தன. மறதிநோயுற்ற பெரியவர்களைக் காலை முதல் அஸர் வரை வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் அறையேனும் எழுந்ததா? அப்படியொரு பகல்நேரக் கூடம் இருந்திருந்தால், என் மாமா மகள் பகலிலாவது உறங்கியிருப்பாள். ஒருவேளை மாமா வீட்டைவிட்டுச் செல்ல நேர்ந்தே இராது. ஹிஜ்ரி 7-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கி.பி. 1284-இல், சுல்தான் கலாவூன் கெய்ரோவில் எழுப்பிய மருத்துவமனை, செல்வர் வறியர், ஊரார் அயலார் என்று பாராமல் அனைவரையும் ஏற்க வக்ஃபு செய்யப்பட்டது. 1354-இல் ஹலபு நகரில் அர்கூன் கட்டிய மருத்துவமனையில் சித்தம் கலங்கியோர்க்கென முற்றங்களும் நீரூற்றுகளும் அமைந்தன. அக்கட்டடம் இன்றும் நிற்கிறது. வீட்டிற்கு வெளியே ஓரிடத்தில் நோயாளியைப் பேணுவது மேனாட்டார் கொண்டுவந்த புதுமை என்று மேடையில் முழங்குவோர், தம் சொந்த வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும். நமக்கும் வக்ஃபு நிலங்கள் இருக்கின்றன, வாடகை வருகிறது. ஓரறையும், பயிற்சி பெற்ற இரண்டு பெண்களும், இரண்டு ஆண்களும் போதும், தொடங்குவதற்கு.

மாமாவை ஷவ்வால் மாதத்தில் அந்த ஓட்டு வீட்டில் சேர்த்தோம். செலவை மூன்று மக்களும் பகிர்ந்துகொள்வதென்றும், வாரத்தில் எந்நாள் யார் செல்வதென்றும் எழுதிக் கையெழுத்திட்டோம். துபாய்க்காரருக்கு ஆண்டில் இரண்டு மாதம் விழுந்திருக்கிறது, முணுமுணுத்தார், வந்துவிட்டார். என் பங்கு வியாழக்கிழமை. சென்ற வியாழனன்று மாமா என்னை யாரென்று கேட்டார். தங்களிடம் ஓதியவன் என்றேன். “எதுவரை ஓதியிருக்கிறாய்?” என்றார். நான் யாஸீனைத் தொடங்கினேன். அவர் ஓரிடத்தில் நிறுத்தி, என் உச்சரிப்பைத் திருத்தினார். 57 வயதில் திருத்தப்பட்டேன்.

மாமா மகள் இப்போது இரவில் உறங்குகிறாள். உறங்குவதே குற்றமோ என்று சில வேளை என்னிடம் கேட்கிறாள். அந்த ஒலிபெருக்கி அவள் நெஞ்சில் இன்னும் ஓயவில்லை. அடுத்த ரமலானில் மேடையேறவிருக்கும் ஆலிம் பெருமக்களை ஒன்றே ஒன்று வேண்டுகிறேன். சாபத்தைச் சொல்லுமுன், கைகளைப் பிணைத்துக்கொண்டு படுத்திருப்போர் உங்கள் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் வீட்டில் ஓர் இரவேனும் விழித்திருந்துவிட்டு வந்து பேசுங்கள்.

நம் பெற்றோரைக் காக்கும் ஆற்றலையும், கடைப்பட்ட முதுமையிலிருந்து பாதுகாப்பையும் வல்ல நாயன் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.